சிக்னல் சித்தப்பா

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் போனாலும் இவரைக் கண்டுபிடித்துவிடலாம். கம்பெனி கொடுத்த லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கறுப்புத் திங்க்பேடைத் திறந்து வைத்திருப்பார். மூடியில் பென்குயின் ஸ்டிக்கர். கேமராக் கண்ணை மறைத்துக்கொண்டு மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. திரை கறுப்பு, எழுத்து பச்சை. வயது நாற்பதை ஒட்டி. உபுண்டு சிடி இலவசமாகத் தபாலில் வீடு தேடி வந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறியவர். அண்ணன் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சிக்னல் சித்தப்பா’.

மௌஸைத் தொட மாட்டார். எழுதுவதெல்லாம் விம்மில்தான். 1976-இல் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ எடிட்டரின் வழியில், பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது விம். அதைத் தெரியாமல் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் தவித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ‘விம்மைவிட்டு எப்படி வெளியேறுவது’ என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் யாரோ கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார்கள். இதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் இவருக்குக் கோபம் வராது. “உள்ளே வந்தவன் எதுக்குத் தம்பி வெளியே போகணும்?” என்பார்.

அதே மாடியில், விம்முக்குப் பரம்பரைப் போட்டியான ஈமாக்ஸ் எடிட்டர்காரர் ஒருவரும் இருக்கிறார். இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள், ஒருவர் கீபோர்டை மற்றவர் தொட மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விஎஸ் கோடைத் திறக்கும்போது மட்டும் இருவர் முகமும் ஒரே மாதிரி சுருங்கும்.

ஆபீஸ் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் மற்றவர்கள் அட்மினைக் கூப்பிடுவார்கள். இவர் 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்குப் போய்விடுவார். அங்கே ஜெராக்ஸ் கொடுத்த லேசர் பிரிண்டரும் இப்படித்தான் சிக்கிக்கொண்டே இருந்ததாம். காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்தலாம் என்று அந்த ஆய்வகத்து நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் மூல நிரலைக் கேட்டிருக்கிறார். அதை வைத்திருந்தவர், வெளியே தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார். அந்த ஆத்திரம் உள்ளே கிடந்து கனன்று, 1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டமாக வெளியே வந்தது. கதை முடிவதற்குள் அட்மின் வந்து காகிதத்தை உருவிவிட்டுப் போயிருப்பார்.

இவருக்கு மிகப் பிடித்த கதை இன்னொன்று உண்டு. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை செகண்ட் கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நாமாக இருந்தால் அந்த அரை செகண்டில் கொட்டாவி விட்டிருப்போம். அவர் தோண்டிக்கொண்டே போனார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஆள், அதைத் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த தன்னார்வலருக்கு உதவுவதுபோல இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு வைத்த கதவு அது. இன்னும் சில மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால், உலகத்தின் பாதி சர்வர்களுக்குள் அது போய் உட்கார்ந்திருக்கும்.

“அரை செகண்ட்! மூல நிரல் திறந்து கிடந்ததாலதானே தோண்ட முடிஞ்சுது?” என்று இவர் குரலை உயர்த்தும்போது, அண்ணன் மகன் கேட்பான்: “கண்டுபிடிச்சவர் எந்தக் கம்பெனி சித்தப்பா?”

“மைக்ரோசாஃப்ட்” என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

வாதம் என்னவோ சரிதான். ஆனால் அதே சூட்டில் ஹார்ட்பிளீடையும் சொல்லியிருக்கலாம். 2012-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குள் நுழைந்த அந்தப் பிழையை, திறந்த வீட்டில் அத்தனை பேர் நடமாடியும் 2014 வரை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கதையை யாராவது ஆரம்பித்தால் இவருக்கு டீ ஆறிவிடும். தன் சொந்த நிரல்களையெல்லாம் கிட்ஹப்பில் போட்டிருக்கிறார் என்பதும், அதை 2018-இல் வாங்கியது யார் என்பதும் நாமும் கிளற வேண்டாம்.

இவருடைய முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் கல்யாண வீட்டுக்குத்தான் போக வேண்டும். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் யாராவது “வாட்ஸாப்ல அனுப்பு” என்பார்கள். “நான் வாட்ஸாப்ல இல்லை, சிக்னல் ஆப்லதான் இருக்கேன்” என்பார். மண்டபத்தில் மேளம் நிற்காவிட்டாலும், அந்த மூலையில் பேச்சு நின்றுவிடும்.

“ஏம்பா, நாம அனுப்பறதை வேற யாரும் படிக்க முடியாதுன்னு அதுலயே போட்டிருக்கே?” என்று ஒருமுறை அத்தை கேட்டார். இவர் நியாயஸ்தர். “உண்மைதான் அத்தை. 2016-லேர்ந்து எல்லா மெசேஜையும் பூட்டித்தான் அனுப்பறாங்க. அந்தப் பூட்டே சிக்னல் செஞ்சதுதான். ஆனா நீங்க யார்கிட்ட, எப்போ, எத்தனை தடவை பேசினீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமே?”

“அது இந்தத் தெருவுக்கே தெரியுமே” என்றார் அத்தை.

இவர் அசரவில்லை. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையோடு வந்து கேட்டபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. இதைச் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கும். அத்தை அதற்குள் தாம்பூலப் பை வாங்கப் போயிருப்பார்.

இவருடைய பொற்காலம் 2021 ஜனவரி. வாட்ஸாப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறது என்று ஊரே பதற, எலான் மஸ்க் ‘சிக்னலைப் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி போட்டார். சிக்னல் அட்வான்ஸ் என்று, சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பங்கு விலை பெயர்க் குழப்பத்திலேயே எகிறியது. பொங்கலுக்குக் கூடிய உறவுகளின் ஃபோன்களையெல்லாம் வாங்கி, இவரே சிக்னலை இறக்கிக் கொடுத்தார். குடும்ப குரூப் ஆரம்பமானது. தைப்பூசத்துக்குள் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், “அங்கே யாருமே இல்லையே” என்றார்கள். அண்ணன் மகள் டெலிகிராமுக்குப் போனாள். அதில் சாதாரண உரையாடலுக்கு முழுப் பூட்டு கிடையாது, ‘சீக்ரெட் சாட்’டுக்கு மட்டும்தான் என்று இவர் விளக்க ஆரம்பித்தார். “அது படம் இறக்கறதுக்கு சித்தப்பா” என்று அவள் முடித்துவிட்டாள்.

2025 செப்டம்பர் கடைசியில் எல்லாரும் ‘அரட்டை’ செயலிக்குக் கிளம்பினார்கள். தமிழ்ப் பெயர், நம்ம ஊர் ஜோஹோ. இவருக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் அப்போது அதில் அழைப்புகளுக்கு இருந்த முழுப் பூட்டு, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. மூல நிரலும் திறந்தது அல்ல. இதை வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், “வெளிநாட்டுக்காரன் செஞ்சா பல்லக்குத் தூக்கு, நம்மாள் செஞ்சா குறை சொல்லு” என்று அண்ணன் எகிறினார்.

அண்ணனுக்குச் சந்தர்ப்பம் வர அதிக நாள் ஆகவில்லை. அக்டோபர் 20, தீபாவளி மதியம். அமேசானின் சர்வர்கள் படுத்தன, கூடவே சிக்னலும் படுத்தது. செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் நிதானமாகக் கேட்டார்: “ஏன்டா, உன் சிக்னலும் அமேசான் வீட்டுலதான் வாடகைக்கு இருக்கா?” இவர் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று ஏற்பாடு ஏன் சுலபமில்லை என்று விளக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. கேட்கத்தான் ஆள் இல்லை.

இத்தனைக்கும் இவர் நம்பர் வாட்ஸாப்புக்குத் தெரியாமலில்லை. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் ஃபோனிலுள்ள முகவரிப் பட்டியலைப் பார்க்க அதற்கு அனுமதி கொடுத்தபோதே, ‘சித்தப்பா’, ‘மாப்பிள்ளை’, ‘லினக்ஸ் சார்’ என்று இவரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்புகளெல்லாம் வாட்ஸாப் குரூப்பில்தான். அதில் மனைவி இருக்கிறார். அதனால் இரவு படுக்கும் முன் இவர் மெதுவாகக் கேட்பார்: “குரூப்ல ஏதாவது போட்டிருக்காங்களா?”

“செக்ரட்டரி போட்டிருக்கார். 9.40-க்கு. நீளமா இருக்கு. பதினோரு பேர் கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க.”

“சரி, விஷயம் என்ன?”

“அது பூட்டி இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு மோட்டார் ரிப்பேர் என்பதை இவர் சோப்புப் போட்ட பிறகு தெரிந்துகொண்டார்.