பார்ட் டூ ஆர்டரில் ஏறிய அம்மா

மிலிட்டரிக்காரர் வீட்டு அம்மாவின் குடும்ப வாழ்க்கை லீவுக் கணக்கில் தொடங்குகிறது. சிப்பாய்க்கு வருடாந்திர விடுப்பு 60 நாள். அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, தாலி கட்டி, மறுவீடு போய், மாப்பிள்ளை காட்பாடியில் ரயிலேறியாக வேண்டும். வேலூர் மாவட்டத்தில் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இந்த ஓட்டம் யாருக்கும் அவசரமாகப் படுவதில்லை. வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்ணுக்குத்தான், கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வரும்போது மாப்பிள்ளை பஞ்சாபில் இருப்பது கொஞ்சம் உறுத்தும்.

அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணம் முகூர்த்த நாளில் நடந்ததல்ல. யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு போட்ட பிறகே நடந்ததாகும். குழந்தை விஷயமும் அப்படித்தான். ஆஸ்பத்திரியே அதிரக் கத்திக்கொண்டு பிறந்தாலும், ஆர்டரில் ஏறும்வரை பட்டாளத்துக்கு அது பிறக்காத குழந்தை. ழகரமே கேட்டிராத கிளார்க் கையில் அம்மாவின் பெயரான மலர்விழி ‘மாலார் வில்லி’யாகிப் பதிவேட்டில் குடியேறுவதும் இந்தக் கட்டத்தில்தான். இதன் பலன் 40 வருடம் கழித்துத் தெரியும்.

அடுத்தது கடிதக் காலம். கணவர் லடாக்கில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் விலாசத்தில் ஊர்ப் பெயர் கிடையாது. படை எண், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலையம். கிழக்குப் பக்கமானால் 99 ஏபிஓ. எதிரி நாட்டு ஒற்றனுக்குத் தெரியக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில் மாமியாருக்கும் தெரியாமல் போயிற்று.

“அம்பத்தாறுல மழை பேயுதாமாடி?” என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்பார்.

“இல்லத்தே, பனியாம்” என்று பதில் வரும்.

பனி என்று கணவர் எழுதியிருக்க மாட்டார். தேங்காயெண்ணெய் பாட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது என்று மட்டும் எழுதியிருப்பார். மீதியை இன்லேண்டு லெட்டரின் நாலு மடிப்புக்குள்ளிருந்து அம்மா கண்டுபிடித்துக்கொள்வார். ஒற்றர் படைக்கு ஆளெடுக்கிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளை எட்டிப் பார்க்காமல் போனது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

லீவு கிடைக்காதபோது தந்தி உதவியது. ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்பது கிராமத்துக்கு மனப்பாடமான வாசகம். தங்கை நிச்சயதார்த்தம், கிணறு வெட்டு, வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வியாதிதான். ராணுவ அலுவலகக் கோப்புகளை நம்பினால், ஒவ்வொரு சிப்பாயின் அம்மாவும் பல தடவை சாகக் கிடந்தவர். அடித்துப் பிடித்து ஓடி வரும் மகனை பஸ் ஸ்டாண்டில் எதிர்கொண்டு, அவன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வாங்கிச் சுமப்பவரும் அவரே. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றதோடு இந்த நோயும் ஒழிந்தது. 1971 டிசம்பர் போன்ற யுத்த நாட்களில் மட்டும், தந்திச் சேவகர் தெருவுக்குள் நுழைந்தால் யார் வீட்டிலும் அடுப்பில் கை ஓடியதில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் குடித்தனம் வடக்கே போகும். ‘மார்ச்சிங் இன்’ என்றொரு சடங்கு உண்டு. பல்பு, குழாய், ஜன்னல் கண்ணாடி என்று ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். ஆள் பட்டியல் வாசிக்க, குடிவருகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். கட்டில், நாற்காலி எல்லாவற்றிலும் பெயிண்டில் நம்பர் இருக்கும். காலி செய்யும்போது ஒரு கண்ணாடி விரிசல் கண்டிருந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே அந்த வீடுகளில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடத் தடை விதித்தது ராணுவமல்ல, அம்மா. கையெழுத்துக்கு முன்பே கீறல் விழுந்த கண்ணாடிகளை எண்ணி, அதையும் எழுதினால்தான் ஆச்சு என்று நிற்பவரும் அவரே. பட்டியலை வாசிக்க வந்தவர் “ஜி, மேடம்” என்று எழுதிக்கொள்வார்.

இந்தி, காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசியே வந்தது. ஆண்பால் பெண்பால் பார்க்காத இந்தி என்றாலும், கிலோவுக்கு எட்டணா குறையும். இடது பக்கம் சர்தார்ஜி வீடு, வலது பக்கம் கர்வாலி வீடு. ராஜ்மா உள்ளே வரும், சாம்பார் வெளியே போகும். கறிவேப்பிலைக்குத்தான் திண்டாட்டம். ஊரிலிருந்து ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்த கன்றை எண்ணெய் டின்னில் நட்டு, குளிர்காலத்தில் ராத்திரிதோறும் டின்னைச் சமையலறைக்குள் எடுத்து வைத்து, பழைய சட்டையையும் போர்த்தி அம்மா காப்பாற்றுவார். இரண்டு மூன்று வருடத்தில் அது தாளிக்கத் தயாராகும்; மாற்றல் உத்தரவும் தயாராகும். டின் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அம்பாலா முதல் திமாப்பூர் வரை தமிழ்க் குடும்பங்கள் தின்ற கறிவேப்பிலையில் பெரும்பகுதி யாரோ முகம் தெரியாத அம்மாக்கள் நட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிள்ளைகளின் பாடம் அவ்வளவு அலையவில்லை. 1963-ல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயாக்களில் எங்கே போனாலும் ஒரே புத்தகம். தமிழுக்குத்தான் அங்கே பெரும்பாலும் இடமில்லை. அதற்கு அம்மா ஒரு பாடத்திட்டம் போட்டார்: பாட்டிக்குப் போகும் கடிதத்தில் ஆளுக்கு ஐந்து வரி, பிழையிருந்தால் ராத்திரி சப்பாத்தி கிடையாது. அரிசிச் சோறு கிடைக்கும் என்பதால் பிழைகள் பெருகின, தண்டனை மாற்றப்பட்டது.

ஓய்வு என்பது வீட்டுக்காரருக்கு மட்டும். நாற்பதைத் தாண்டிய வயதில் ஹவில்தார் ஊர் திரும்பி, டிரங்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்குச் சமையலறையைப் பார்வையிட வருவார். டப்பாக்கள் உயர வரிசைப்படி இல்லை என்பார். இருவரும் சேர்ந்தாற்போல் சொந்த ஊர் வீட்டில் வருடம் முழுக்க இருப்பது அதுவே முதல் தடவை. கேன்டீன் ரம் வைத்த பெட்டியின் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்ததால் பேச்சுவார்த்தை சீக்கிரமே முடிந்தது. பிறகு ஏதாவது ஒரு பேங்க் வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைக்கும்; இருதரப்பும் நிம்மதி.

அவர் காலமான பிறகு குடும்பப் பென்ஷன் அம்மாவுக்கு வர வேண்டும். வருவது ‘மாலார் வில்லி’க்கு. அந்த வில்லி தாம்தான் என்று நிரூபிக்க ஆதார், அஃபிடவிட், நோட்டரி என்று அலைந்து மீட்டெடுத்தபின், வருடா வருடம் நவம்பரில் உயிரோடிருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தே தேய்ந்த விரல் ரேகையை இயந்திரம் ஏற்காது. இப்போது செல்போன் செயலியில் முகத்தைக் காட்டலாம். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. “இந்த வயசுல எவனைப் பாத்துடா கண்ணடிக்கறது?” என்று அம்மா முறைக்கிறார். பேரன் மூன்றாவது தடவை பொத்தானை அமுக்குகிறான்.