பழைய கணினியை எப்போது மாற்றுவது?

கேள்வி: 2014இல் வாங்கிய கணினியில்தான் எங்கட கைத்தறிக் கடைக் கணக்கு. ஒன் பண்ணிட்டுப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் திரை வருதில்லை. மாத்தணுமா?
– வாசகி, மருதமுனை

பதில்: அவசரப்படாதீங்க, தங்கச்சி. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கினால், தேத்தண்ணி ஊற்ற முன்னமே திரை வந்துவிடும். ஆனால் காசு போட முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடல்காற்றின் உப்பில் மதர்போர்டு பச்சை பூத்திருந்தால், கப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தால், ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம், புதிதே வாங்குங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு உங்கள் பெட்டியின் வயது ஒத்துவராது. கணக்கு மட்டும்தான் வேலையென்றால் லினக்ஸ் மின்ட் போதும், அது இலவசம். எதைச் செய்தாலும், இன்றிரவே கடைக் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.