அச்சேறாமல் தப்பிய என் பெயர்

நான் வேலை பார்க்கிற கம்பெனி, நெட்வொர்க் வயரில் ஓடுகிற பாக்கெட்டுகளைப் பிடித்து எண்ணுகிற பெட்டி ஒன்றைத் தயாரிக்கிறது. அதற்குள் ஓடும் ப்ரோகிராமில் ஒரு பகுதி என் பொறுப்பு. பொறுப்பு என்று கம்பெனிக் கோப்பில் இருக்கிறது. அதனால் நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனி பெங்களூரில். நான் விருதுநகரில், கொரோனா ஊரடங்கில் மூட்டை கட்டி வந்தவன் திரும்பிப் போகவில்லை. சோதனைக்கென்று அவர்கள் அனுப்பிவைத்த சர்வர் இருப்பது சிவகாசியில். முதலில் வீட்டில்தான் வைத்தேன். அதன் விசிறி போடுகிற சத்தத்தில் அம்மாவுக்கு டிவி சீரியலில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதே கேட்கவில்லை. சித்திரை வெயில் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிற அண்ணாச்சி ஒருவர், ப்ளேட் எடுக்கிற மெஷினுக்காக ஏசி போட்டிருந்த அறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு, சர்வரில் காலியாகக் கிடக்கும் இடத்தில் அச்சகத்து டிசைன் ஃபைல்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அந்தப் பெருந்தன்மையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலையில் அவசரம் எவ்வளவு என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10 கிகாபிட் வயரில், ஈதர்நெட் அனுமதிக்கிற ஆகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால் விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்தைத் தாண்டும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற அவகாசம் 67.2 நானோ விநாடி. மெமரியிலிருந்து ஒரு தடவை எதையாவது எடுத்து வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். வழக்கமாக லினக்ஸ் கர்னல்தான் கார்டிலிருந்து பாக்கெட்டை வாங்கி, பிரித்துப் பார்த்து, நகலெடுத்து ப்ரோகிராமிடம் கொடுக்கும். அந்த மரியாதைகளுக்கெல்லாம் இங்கே நேரமில்லை. எனவே கர்னலை ஒதுங்கச் சொல்லிவிட்டு ப்ரோகிராமே கார்டை நேரடியாகக் கையாள்வது என்று ஒரு வழி வந்தது. அதற்கான தொகுப்புகளில் பேர்போனது டிபிடிகே. இன்டெலில் பிறந்தது, 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. இதன் தந்தை என்று துறையினர் சொல்வது வெங்கி வெங்கடேசனை. 2018-இல் அவர் காலமானார். அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த 18.05 பதிப்புக்கு ‘வெங்கி’ என்றே பெயர் வைத்தார்கள். நான் முதலில் தொட்டது அந்தப் பதிப்பைத்தான். பதிப்பின் மேல் ஒரு குறையும் இல்லை.

கர்னல் ஒதுங்கிவிட்டால் காவலுக்கு யார் என்கிற கேள்வி வருகிறது. நெட்வொர்க் கார்டு ப்ராசஸரைக் கேட்காமல் தானே மெமரியில் எழுதும். இந்த முகவரியில் எழுது என்று ப்ரோகிராம் ஒரு சீட்டு கொடுத்தால் போதும். முகவரி தப்பாக இருந்தால் தப்பான இடத்தில் அதே வேகத்தில், அதே சிரத்தையோடு எழுதும். ப்ரோகிராம் எல்லை மீறினால் ப்ராசஸரின் எம்எம்யூ தடுக்கும். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சொல்லிக் கர்னல் அதை முடித்துவைக்கும். கார்டு எல்லை மீறினால் தடுக்க ஐஓஎம்எம்யூ என்று தனிக் காவல் உண்டு. இன்டெல் மெஷின்களில் அதற்கு விடி-டி என்று பெயர். அந்தக் காவலோடு கார்டை ப்ரோகிராமிடம் ஒப்படைக்கிற விஎஃப்ஐஓ, 2012-இல் லினக்ஸ் 3.6-இல் சேர்ந்தது. அதற்கு முன்னால், 2007 முதலே, யுஐஓ என்ற ஏற்பாடு உண்டு. அதில் காவல் கிடையாது. நம்பிக்கைதான்.

என் முதல் சறுக்கல் பயாஸிலேயே ஆரம்பித்தது. அங்கே விடி-எக்ஸ் என்று ஒன்று இருந்தது, அதை ஆன் செய்துவிட்டு ஐஓஎம்எம்யூ ஓடுகிறது என்று பெங்களூருக்கு எழுதிவிட்டேன். விடி-எக்ஸ் வேறு, விடி-டி வேறு. இரண்டாவது அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கிடையாது.

இரண்டாவது சறுக்கல் கொஞ்சம் விஸ்தாரமானது. கார்டில் இரண்டு போர்ட். ஒன்றில் சோதனை, இன்னொன்று வழியாகத்தான் விருதுநகரிலிருந்து நான் சர்வருக்குள் நுழைவது. முதல் போர்ட்டை விஎஃப்ஐஓவிடம் கொடுத்துப் பார்த்தால், ‘க்ரூப் இஸ் நாட் வயபிள்’ என்று மறுத்தது. அந்த மதர்போர்டில் இரண்டு போர்ட்டும் ஒரே ஐஓஎம்எம்யூ க்ரூப்பில் இருந்தன. ஒரு க்ரூப்பில் இருப்பவற்றில் ஒன்றைக் கர்னலிடமும் இன்னொன்றை ப்ரோகிராமிடமும் பிரித்து வைக்க முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு நடுவே காவல் போட வழியில்லை. சரி, இரண்டையும் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். டிபிடிகே தருகிற கருவி நல்ல பிள்ளை. ‘இந்த போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது, தொட மாட்டேன்’ என்று எச்சரித்து நின்றுவிட்டது. நான் ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி அடித்தேன். அது பணிந்தது. திரை உறைந்தது. சர்வருக்குள் போகிற ஒரே வாசலை, அதற்குள் நின்றுகொண்டே பூட்டியிருந்தேன்.

அண்ணாச்சிக்கு போன் செய்தேன்.

“லைட்டெல்லாம் எரியுதே தம்பி, நல்லாத்தான இருக்கு?”

“பெட்டி நல்லா இருக்குது அண்ணாச்சி. நான்தான் வெளிய நிக்கிறேன்.”

“எங்க, கேட்டுக்கிட்டயா? வாட்ச்மேனைத் தொறக்கச் சொல்றேன்.”

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக சிவகாசிக்கு பஸ். இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. போய் ஒரு மானிட்டரும் கீபோர்டும் இரவல் வாங்கி, ஒரு வரி அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த பஸ் கண்டக்டருக்கு என் முகம் பழகிப்போனது. அச்சகத்தில் வேலை என்று நினைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. பிறகு பெங்களூரில் கெஞ்சி, தனியாக ஒரு சின்னக் கார்டு வாங்கி வேறு ஸ்லாட்டில் போட்டதும்தான் அந்த யாத்திரை நின்றது.

அதற்கு மேல்தான் அசல் கூத்து. சோதனை நன்றாக ஓடும். முடியும்போது மட்டும் கர்னல் பதிவில் வரிசையாக வந்து விழும்: டிஎம்ஏஆர், டிஎம்ஏ ரைட், டிவைஸ் 03:00.0, ஒரு நீண்ட முகவரி, ஃபால்ட் ரீசன் 05, பிடிஇ ரைட் ஆக்சஸ் இஸ் நாட் செட். இதைவிடத் தெளிவாக ஒரு மெஷினால் பேச முடியாது. எந்தக் கார்டு, எந்த முகவரி, எழுதப் போனதா வாசிக்கப் போனதா, ஏன் தடுக்கப்பட்டது என்று எல்லாமே அந்த வரியில் இருக்கிறது. நான் அதில் வாசித்தது ‘ஃபால்ட்’ என்கிற ஒரு சொல்லை மட்டும். ஃபால்ட் என்றால் ஏதோ பழுது. பழுது என்றால் மாற்ற வேண்டும். கேபிளை மாற்றினேன். வேறு கம்பெனி கேபிளை வாங்கிச் செருகினேன். கரண்ட் சரியில்லை என்று யுபிஎஸ்ஸைப் பார்த்தேன். ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னேன். ப்ளேட் எடுக்கிற பையன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் கார்டே பழுது என்று மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதி, வேறொரு கார்டை வரவழைத்தேன். புதுக் கார்டும் அதே வரியைச் சொன்னது. இரண்டு கார்டும் ஒரே மாதிரிப் பழுது என்று எழுத எனக்கே கை கூசியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. விஎஃப்ஐஓ வேண்டாம், பழைய யுஐஓவுக்கே போய்விடுவோம், பூட் வரியில் ஐஓஎம்எம்யூவை ஆஃப் செய்துவிடுவோம். செய்தேன். ஃபால்ட் வரிகள் மறைந்துவிட்டன. பதிவு பளிங்காக இருந்தது. ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்கு பரோட்டா சாப்பிடப் போனேன்.

கூட வந்தவர் சித்தப்பா. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றியை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று அவரிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அது குறை சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நீ சொல்றவனை நிப்பாட்டிட்ட” என்றார். பிறகு, “இன்ஸ்பெக்சனுக்கு வர்றவரை உள்ள விடாம கேட்டைப் பூட்டிட்டு, எங்க ஆபீஸ்ல ஒரு குறையும் எழுதலைன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு?” என்றார். ஒரு அறைக்கு நான்கு பேர், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, மருந்து கலக்கிற இடத்தில் வேறு வேலை கூடாது என்கிற விதிகளோடு காலமெல்லாம் இருந்தவர். விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை அவர் வட்டாரம் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதையும் என் மெஷினையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சொன்னார், நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு கேட்டேன். ஆனால் ஐஓஎம்எம்யூவை ஆன் செய்யவில்லை. சித்தப்பாவுக்கு லினக்ஸ் தெரியாதல்லவா.

ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிற நாள் அது. அச்சகத்தில் இரவு பகலாக வேலை. ஒரு நாள் அண்ணாச்சியே கூப்பிட்டார்.

“தம்பி, உங்க பெட்டில வச்ச ஒரு மாசத்து ஷீட்டு, பாதிக்கு மேல கோடு கோடா வருது. பையன் ப்ளேட் எடுக்கிறதுக்கு முன்னாடி பாத்துட்டான். நீங்க ஏதும் தொட்டீங்களா?”

நான் ஏன் தொடப்போகிறேன், டிஸ்க் பழுதாக இருக்கும் என்றேன். பழுது என்கிற சொல் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும். ஃபைலைத் திறந்து ஹெக்ஸ் வடிவில் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் ஃபைலுக்குச் சம்பந்தமே இல்லாத பைட்டுகள். ஈதர்நெட் தலைப்பு. அதன் பின்னால் வரிசையாக, திரும்பத் திரும்ப, என் பெயர்.

சோதனைப் பாக்கெட்டுகளுக்குள் எதையாவது நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் பூஜ்யத்தால் நிரப்புவார்கள். நான் என் பெயரால் நிரப்பியிருந்தேன்.

நடந்தது இதுதான். என் ப்ரோகிராம் முடியும்போது ஒரு வரிசையில் வேலைகளைச் செய்தது. முதலில் மெமரியைக் கணினிக்குத் திருப்பிக் கொடுத்தது. அடுத்து, எத்தனை பாக்கெட் வந்தது என்று கட்டம் கட்டி அழகாக ஒரு அட்டவணை அச்சிட்டது. அந்த அட்டவணைக்கு நான் நிறைய உழைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் கார்டை நிறுத்தியது. அட்டவணை அச்சாகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வயரில் பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பழைய சீட்டில் இருந்த முகவரிகளில் கார்டு ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தைக் கணினி அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. அந்த யாரோ, அப்போது ஏறிக்கொண்டிருந்த காலண்டர் ஷீட். ஐஓஎம்எம்யூ ஆன் ஆக இருந்தவரை அந்த எழுத்துகளை வாசலிலேயே தடுத்து, தடுத்ததாக எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிவித்தது. அத்தனை ஃபால்ட் வரிகளும் விபத்து நடக்கவில்லை என்பதற்கான ரசீதுகள். நான்தான் அவற்றைப் புகாராக எடுத்துக்கொண்டேன்.

திருத்தம் என்று பார்த்தால் வெட்கக்கேடு. கார்டை நிறுத்துகிற வரியை வெட்டி, மெமரியை விடுவிக்கிற வரிக்கு மேலே ஒட்டினேன். அவ்வளவுதான். விடி-டியை ஆன் செய்து, விஎஃப்ஐஓவுக்குத் திரும்பி ஓட்டினேன். ஃபால்ட் இல்லை, இந்தத் தடவை உண்மையாகவே. அண்ணாச்சியிடம் மூல ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் இருந்தது. என்னை முழுதாக நம்பாததால் ஷீட் பிழைத்தது. ஃபைல்களை சர்வரிலிருந்து எடுத்துவிட்டார். மூலையை மட்டும் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. பெங்களூருக்கு நான் எழுதிய விளக்கத்தில் ‘நிறுத்த வரிசை மேம்படுத்தப்பட்டது’ என்று இருந்தது. காலண்டரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்து, அதே வரி உங்கள் திரையிலும் வந்தால், தயவுசெய்து ஐஓஎம்எம்யூவை அணைக்காதீர்கள். 05 என்றால் கார்டு எழுதப் போய்த் தடுக்கப்பட்டிருக்கிறது; 06 என்றால் வாசிக்கப் போய்த் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, அது உங்கள் ப்ரோகிராமின் எந்த மெமரித் துண்டில் இருந்தது, அந்தத் துண்டை எப்போது விடுவித்தீர்கள், கார்டை எப்போது நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். அப்படியும் புரியாமல் கேபிளைத்தான் மாற்றிப் பார்ப்பேன் என்றால் விலை கொடுத்து வாங்க வேண்டாம். என்னிடம் நல்ல கேபிள்கள் நிறைய சும்மா கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.