அடுப்பையா அணைப்பார்கள்?

கேள்வி: நிதி நெருக்கடி என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் முதலில் எதைக் குறைக்கலாம்?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: அலைச்சலை! வீட்டில் வரவு குறைந்தால் அடுப்பையா அணைப்பார்கள்? நாலு கடையில் விலை விசாரித்து வாங்குவார்கள். தமிழ்நாடு அதைச் செய்தே காட்டியது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக். கையிருப்புத் தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். விலை இறங்கியது, மாத்திரை குறையவில்லை. சிக்கனம் என்றால் இதுதான்!

இனி அலைச்சலுக்கு, உங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருவோம். காலை ஷிப்டுக்குப் போகிறவர் காலை ஓ.பி.யில் எப்படி நிற்பார்? நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் பிரஷர் மாத்திரையை விட்டுவிடுகிறார்; பிறகு பக்கவாதம் வந்தால் அரசுக்கும் செலவு, குடும்பத்துக்கும் பேரிடி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுபோனது. அதைப் பணியிடத்துக்கு நீட்டியதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியை மறக்கக் கூடாது. சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தும், கையில் கார்டு இல்லாத ஒடிசா, பீகார் இளைஞருக்கு யார் பொறுப்பு? செலவைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் முதலில் உட்கார வேண்டிய இடம், ஷிப்டு முடியும் நேரத்தில் அவர் வேலை செய்யும் கம்பெனி வாசல்.