ஒழுகுறது மேலே, துடைக்கிறது கீழே

வா மருமவனே, வண்டிய அந்த வேப்பமரத்தடியில விடு, வாசல்ல வேணாம். போன தடவை நீ வச்சிட்டுப் போன எண்ணெய்ப் புள்ளியப் பார்த்துட்டு உங்க அத்தை கோலமே போடல. "புள்ளி வச்சவனே வந்து கோட்டையும் இழுக்கட்டும்"னு சொல்லிட்டா.

நல்ல வண்டிதான்டா. மாருதி 800, மூணு சிலிண்டர், 796 சிசி. கம்பெனிக்காரன் 2014லயே செய்யறத நிறுத்திட்டான், நீ விடல. பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சுன்னு ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கேட்டான், வாயத் தொறக்காம கட்டினே. டாப் கவர் பேக்கிங் ஒண்ணு வாங்குடான்னா மட்டும் "அடுத்த மாசம் மாமா"ன்னு பல்லக் காட்றே. அதுவும் ஒரு வகையில புண்ணியந்தான். காத்தடிச்சா தங்கச் சுரங்கத்து சயனைட் மேட்டு மண்ணு ஊரெல்லாம் பறக்குது; ராபர்ட்சன்பேட்டைத் தெருவுல புழுதி அடங்க நீதானே தினம் ஆயில் தெளிக்கிறே.

மெக்கானிக் என்னா சொன்னான்? சம்ப் ஒழுகுது, போல்ட்ட டைட் வச்சிட்டேன்னானா? வச்சிருப்பான், பலமான கை. அடியில ஆயில் நிக்கிற சம்ப் வெறும் தகரம்டா. முறுக்க முறுக்க போல்ட் ஓட்டையைச் சுத்தி குழி விழும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல தூக்கிக்கும், பேக்கிங் பிதுங்கும். முந்தி சொட்டினது இப்ப ஒழுகும். அவனுக்கும் அடுத்த வாரம் வேலை இருக்கும். பொழைக்கத் தெரிஞ்ச பையன்.

ஆயில் மேல இருந்துதான் கீழ வரும். டாப் கவர்ல கசியும், பிளாக் மேலயே வழிஞ்சு இறங்கும், ஓடற வண்டியில காத்து அதப் பின்னால தள்ளும், கடைசியில சம்ப் மூலையில நின்னு சொட்டும். நீ சொட்டுற இடத்தப் புடிச்சுத் திட்டிட்டு இருக்கே. மொதல்ல இன்ஜின நல்லா கழுவு. தண்ணி படக்கூடாத இடத்துல பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கோ. காய வச்சுட்டு, சந்தேகப்படற இடத்துல எல்லாம் பவுடர் தூவு. புது டப்பா வாங்காதே, பொண்ணு பாக்கப் போனப்ப நீ பூசின மிச்சமே போதும். அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாரு. நனைஞ்சதுல எது எல்லாத்துக்கும் மேல இருக்குதோ, அதான் திருடன். உன் வண்டியில டிஸ்டிரிபியூட்டர் அடியில ஓ ரிங்னு ஒரு ரப்பர் வளையம் இருக்குது, அதையும் பாரு. இன்ஜின் சூட்டுல வெந்து வெந்து வளையல் மாதிரி கல்லாயிருக்கும்.

சீல் மாத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. டாப் கவர்ல இருந்து ஏர் ஃபில்டருக்குப் போற குழாய் அடைச்சிருக்கான்னு ஊதிப் பாரு. அது அடைச்சா இன்ஜினுக்கு உள்ள காத்து முட்டும். முட்டற காத்து எந்த சீல்ல வழி கிடைக்குதோ அதுல ஆயிலத் தள்ளிட்டு வெளிய வரும். நீ பெங்களூரு ஜே.சி. ரோடு வரைக்கும் போய் ஒரிஜினல் சீல் வாங்கிப் போட்டாலும் ஒரு மாசந்தான். குழாய் சுத்தமா இருந்தும் ஆயில் ஊத்தற மூடியத் தொறந்தா குப்குப்னு புகை வருதா? அப்ப பிஸ்டன் ரிங் போச்சு. அது வேற செலவு, அதுக்கு வேற நாள் உக்காந்து அழுவோம்.

கிளட்ச் பக்கம் கசியுதுன்னு வை. அந்த சீல மாத்தணும்னா கியர்பாக்ஸ இறக்கணும். சீல் என்னவோ ஒரு பிரியாணி விலைதான், இறக்கி ஏத்தற கூலிதான் கசக்கும். அவ்ளோ தூரம் தொறந்துட்டு, தேஞ்ச கிளட்ச் பிளேட்ட "இன்னும் கொஞ்ச நாள் வரும்"னு அப்படியே மாட்டுவியே, அங்கதான் உன் கெட்டிக்காரத்தனம் தெரியும். ஆறு மாசத்துல மறுபடி இறக்கலாம், மறுபடி கூலி குடுக்கலாம். டைமிங் பெல்ட் பக்கமும் இதே கதைதான். முன் சீல் கசிஞ்சு பெல்ட் ஆயில்ல ஊறினா, பெல்ட் அறுந்து போறதுக்கு நல்ல நேரம் பார்க்காது. சீலுக்காக கவரக் கழட்டற அன்னைக்கே பெல்ட்டையும் அதோட பேரிங்கையும் மாத்திடு.

நாங்க கோலார் தங்கச் சுரங்கத்துல கயித்த அப்படித்தான்டா பார்த்தோம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், படிப்படியா இறங்கணும். ஆளை இறக்கற கேஜ் தொங்கற இரும்புக் கயிறு அறுந்தப்புறம் மாத்திக்கலாம்னு எந்த இன்ஜினீயரும் சொல்லல. தினம் பார்ப்பாங்க. குறிச்ச மாசத்துல நுனிய வெட்டிட்டுப் புதுசா கட்டுவாங்க. காலம் முடிஞ்சா பளபளன்னு இருந்தாலும் இறக்கிடுவாங்க. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கும், நல்ல கயித்தப் போய் இறக்கறாங்களேன்னு. ஆனா சங்கு ஊதினதும் அவங்க மாட்டின கயித்த நம்பித்தான் அத்தனை பேரும் கேஜுல ஏறினோம். சுரங்கத்த 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. பம்பு நின்னுச்சு, தண்ணி ஏறிடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல தினம் இறைச்சுக் காப்பாத்தின குழி.

சரி, ஒரு நோட்டு வாங்கி வண்டியில போடு. ஞாயித்துக்கிழமை காலையில வண்டி ஆறி இருக்கும்போது டிப் ஸ்டிக்க உருவி, அளவ கிலோமீட்டரோட எழுது. எவ்ளோ குடிக்குதுன்னு தெரியும். பேக்கிங்கையும் ஓ ரிங்கையும் இந்த மாசம் முடி, சம்பளம் தாங்கும். பெல்ட்டும் முன் சீலும் பொங்கல் போனஸ்ல. கியர்பாக்ஸ் வேலைய கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கறப்ப வச்சுக்கலாம், ஆனா அதுக்குப் பணத்த இப்பவே எடுத்து வை, உன் மச்சானுக்குக் கடன் குடுக்காதே. அடியில படுக்கறப்ப ஜாக்கிய மட்டும் நம்பாம கட்டை முட்டு குடு. உனக்கு சீல் ஜே.சி. ரோட்டுல கிடைக்காது.

என்னை பெங்களூரு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னியே, அவசரமில்ல. இதெல்லாம் முடியற வரைக்கும் எனக்கு மாரிக்குப்பம் ரயில் இருக்குது.