துணிச்சலுக்கு லைசென்ஸ் உண்டா?

கேள்வி: பாறைக்கு வெடி வைப்பவருக்கு முதல் தகுதி துணிச்சல்தானே?

பதில்: துணிச்சலை நம்பி இருந்தால் சுவிட்சர்லாந்து 1977-இல் வெடிபொருள் சட்டம் போட்டு, வெடி வைக்கப் பரீட்சை எழுதி அனுமதிச் சான்று வாங்கு என்று சொல்லியிருக்காது, மீசையின் நீளத்தை அளந்துவிட்டுப் போயிருக்கும். இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது சத்தம் மட்டுமல்ல. சோலோதுர்ன் மாநிலத்து டிரிம்பாக் ஊரையொட்டிய பழைய ஹாவன்ஸ்டைன் ரயில் சுரங்கத்தைப் பாருங்கள். வெடிமருந்தால் மலையைக் குடைந்துகொண்டிருந்த அந்த இடத்தில், 1857 மே 28 அன்று தீப்பிடித்தது மருந்தில் அல்ல, உளி தீட்டும் கொல்லன் உலை இருந்த இடத்தில். காற்றுக் கிணற்றின் மரத்தாங்கிகள் எரிந்து சரிந்து வழியை அடைத்தன. உள்ளே சிக்கிய 52 பேரும் இறந்தார்கள். காப்பாற்றத் துணிச்சலோடு நுழைந்த 11 பேரையும் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு கொன்றது. குறைந்தது காற்றுதான், துணிச்சல் அல்ல.

"அது கரிமருந்துக் காலம், பிறகுதான் நோபெல் 1867-இல் டைனமைட் கொண்டுவந்துவிட்டாரே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் மருந்து மாறினாலும் புகை மாறவில்லை: இன்றைய வெடியும் அதே கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது, கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகளையும். அதனால் வெடித்தபின் புகை கலையும்வரை நல்ல வெடிகாரர் சும்மா நிற்கிறார். அப்புறம் போய், வெடிக்காத குழி ஏதும் மிச்சமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பயந்தாங்கொள்ளிகள் விண்ணப்பிக்கலாம், அவசரக்காரர்கள் வேண்டாம்.