பிளாட்பாரத்தைவிடக் குட்டையான மலை

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நடைபயணத்தைப் பற்றியவை. சீமைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாரத்தில் போட்டோ அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. பொறாமை தணிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் மகன் லண்டனுக்குப் பக்கத்தில் சில்டர்ன் மலையில் ஒரு நாள் முழுக்க நடந்தானாம். வெள்ளைப் பாறை, பீச் மரக் காடு என்று ஒரே போட்டோ. “உங்க ஊர்ல இப்படி என்ன அத்தை இருக்கு?” என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பங்காருபேட்டை

முதலில் அந்த மலையின் உயரத்தைக் கேளுங்கள். சில்டர்ன் மலைத்தொடரின் உச்சியே 267 மீட்டர்தான். நம் ஸ்டேஷன் பிளாட்பாரம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல். மெட்ராஸ் வண்டிக்காக நீங்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும்போதே அவன் ஏறிய சிகரத்தைப்போல மூன்று மடங்கு உயரத்தில் இருக்கிறீர்கள், அதுவும் ரப்பர் செருப்போடு. வெள்ளை மலை நம்மிடமும் உண்டு. ஒரே ஜாதி மரம் நிற்கும் தோப்பும் உண்டு. ஆனால் அவன் மலையைச் செய்தது கடல். நம் வெள்ளை மலையைச் செய்தவர்கள் நம் தாத்தாக்கள்.

சாக் மலை என்றால் சாக்பீஸ் செய்யும் மலையா? நம் கோலார் தங்கவயல் வெள்ளை மேடும் அதுதானா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ராபர்ட்சன்பேட்டை

சில்டர்னில் இருக்கும் அந்த ‘சாக்’ ஒருவகைச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து இறுகி, பிறகு நிலம் உயர்ந்தபோது மலையானது. உங்கள் வாத்தியார் கையிலிருக்கும் சாக்பீஸ் இப்போது பெரும்பாலும் ஜிப்சம். அதற்கும் அந்த மலைக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

நம் மேடு பாசி செய்ததல்ல, மில் செய்தது. சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து பிரியும். மிச்சமிருக்கும் மணல் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை இது. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து வெளியே போன தங்கம் சுமார் 800 டன். இங்கேயே தங்கிவிட்ட மணல் 3 கோடி டன்னுக்கு மேல். பங்கு பிரித்தவர்கள் எடை பார்த்து நமக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.

சயனைடு மேட்டில் ஏறி நடந்தால் செத்துப்போவோமா?
– தைரியசாலி ஒருவர், ஆண்டர்சன்பேட்டை

சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். பயப்பட வேண்டியது பெயரில் இருக்கும் விஷத்துக்கு அல்ல, பெயரில் இல்லாத தூசிக்கு. அரைத்த பாறைத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சிலிகோசிஸ் என்கிற நோயை 1940-களில் இந்தியாவில் பெரிய அளவில் ஆராய்ந்ததே கோலார் தொழிலாளர்களிடம்தான். பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. ஆடிக் காற்று அடித்தால் மேடே இறங்கி வந்து நம் சோற்றுப் பானையை விசாரிக்கிறது. நாம் வேறு ஏன் அதைத் தேடிப் போக வேண்டும்? மழையில் அரித்த சரிவுகள் காலடியில் இடியவும் செய்யும். தூர நின்று பாருங்கள். மாரிக்குப்பம் ரயிலின் ஜன்னலோரம் போதும்.

சினிமாவில் ஹீரோக்கள் அங்கேதானே ஓடுகிறார்கள்?
– அதே தைரியசாலி

ஹீரோவுக்கு டூப் உண்டு. உங்கள் நுரையீரலுக்குக் கிடையாது.

பீச் காட்டைப் போட்டோவில் பார்த்தால் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது. கோலார் ஜில்லா முழுக்க இந்தத் தைல மரத்தை நட்டு வைத்தது யார் பாவம்?
– விவசாயி, பூதிக்கோட்டை

அந்த மண்டபத்துக்குள்ளும் வணிகம் உண்டு ஐயா. சில்டர்னில் பீச் மரங்கள் அவ்வளவு அடர்த்தியாக வளர்க்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் நாற்காலி. பக்கத்திலிருக்கும் ஹை விக்கம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஊர். தொழிலாளிகள் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து அனுப்பினார்கள். பீச் மரத்தின் நிழலில் மற்ற செடிகள் அவ்வளவாகப் பிழைப்பதில்லை. நம் தைல மரத்தடியிலும் அதே கதைதான்.

தைல மரத்தை இந்தப் பக்கம் முதலில் கொண்டுவந்தது திப்பு சுல்தான் என்றும், 1790 வாக்கில் நந்தி மலையில் நட்டார் என்றும் சொல்வார்கள். உங்கள் பூதிக்கோட்டைதான் அவர் அப்பா ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் பாவத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு எழுதிவிடலாம். ஆனால் ஜில்லா முழுக்கப் பரப்பியது பிற்காலத்துச் சமூகக் காடு வளர்ப்புத் திட்டமும், காகித ஆலைக்கும் சாரத்துக்கும் கம்பு விற்றால் காசு என்கிற நம் கணக்கும்தான். 2017-இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. தண்ணீரை மரம் குடித்ததா, ஆயிரம் அடி போர்வெல் குடித்ததா என்று பட்டிமன்றம் வைத்தால் நடுவருக்குக் கொடுக்க ஒரு டம்ளர் தண்ணீர் இருக்காது.

சேலத்தில் வெள்ளைக்காரன் ‘சாக் ஹில்ஸ்’ என்று ஒன்றைக் காட்டினானாமே?
– ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை

சேர்வராயன் அடிவாரத்தில், கருப்பூர்ப் பக்கம் இருக்கிறது. தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்ததும் ஊர் ஞாபகம் வந்து அப்படி அழைத்துவிட்டான். அது மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய உதவும் தாது. அங்கேயும் நடைபயணிகளுக்கு முன்னால் லாரிகள் போய்விட்டன.

ஒரு நாளில் நடந்து திரும்ப நல்ல வழி சொல்லுங்கள். மேடு வேண்டாம் என்றுவிட்டீர்களே!
– கல்லூரி நண்பர்கள் நால்வர், கோரமண்டல்

கோலாருக்குப் போய் அந்தரகங்கை ஏறுங்கள். படிக்கட்டு முடியும் இடத்தில் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழும் குளம். அதற்கு மேலே கருங்கல் உருண்டைகளும் குகைகளும். இன்னும் நடந்தால் தேரஹள்ளி முதலான மலைக் கிராமங்கள். காலையில் ஏறி, வெயில் முறுகுமுன் இறங்கிவிடுங்கள். அங்கே குரங்குகள் அதிகம். பையில் என்ன இருக்கிறது என்று உங்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

ஏற முடியாதவர்கள் தங்கவயலை ஒட்டிய பெத்தபள்ளிக்குப் போகலாம். எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் இறங்கித் தலையணை தலையணையாக உறைந்த பாறை அங்கே இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமாக அறிவித்த இடம். வயது சுமார் 270 கோடி ஆண்டு. இங்கிலாந்துச் சாக் மலை இதன் முன் கைக்குழந்தை. சாயங்காலம் பேத்தமங்கலம் ஏரிக்கரை. வாணியம்பாடிக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பாலாறு அங்கே மாட்டிக்கொள்கிறது.

பஸ் இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நியாயம்தானே?
– இல்லத்தரசி, சாம்பியன் ரீஃப்

உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு நூறு வருட அனுபவம் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட இங்கே கால் வைத்த பிறகு வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். லைன் வீட்டிலிருந்து சங்கு ஊதியதும் ஷாப்டுக்கு நடந்தார்கள். கூண்டில் இறங்கிய பிறகு சுரங்கத்துக்குள் நடந்தார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பாறையே கொதிக்கும் சூடு. அழுத்தத்தில் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட் வந்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும், கீழே போனவருக்காக வாசலில் கூட்டம் நிற்கும். அதே நேரத்தில் துரைமார் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று செல்லம் கொஞ்சிக்கொண்டு கோல்ப் மைதானத்தில் நடந்தார்கள். ஆக, இந்த ஊரில் சும்மா நடப்பது என்பது துரைக்கு மட்டும் எழுதி வைத்திருந்த சொத்து.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறமாவது நின்றோமா? விடியுமுன் எழுந்து பெங்களூரு ரயிலுக்கு ஓடுகிறோம். தாத்தாவுக்குச் சங்கு, பேரனுக்கு டைம்டேபிள். சங்கும் ரயிலும் கூப்பிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் அது வெட்டி வேலை ஆகாது. மூன்று தலைமுறையாகக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் லீவு சம்பளம். இதைச் சொல்லுங்கள். அப்படியும் அவர் வரவில்லை என்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், சமையல் அவர் பொறுப்பு.

இங்கிலாந்தில் யார் வயலிலும் நடக்கலாமாமே? இங்கே நடந்தால் நாயை அவிழ்த்து விடுகிறார்களே!
– அவிழ்த்து விடப்பட்டவர், காமசமுத்திரம்

யார் வயலிலும் அல்ல, வழிநடைப் பாதை என்று பதிவான இடத்தில். திறந்தவெளி மேய்ச்சல் மலைகளுக்கு 2000-இல் தனிச் சட்டமே வந்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1932-இல் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறி, ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். நம் ஊரில் சட்டம் தேவையில்லை. “யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் வழியும் கிடைக்கும், மோரும் கிடைக்கும். உங்கள் பக்கம் கேட்காமல் வயலில் இறங்கும் உரிமை ஆந்திரக் காட்டிலிருந்து வரும் யானைகளுக்கு மட்டும்தான். அவற்றின் மேல் நாயை அவிழ்த்து விடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நடை முடிந்ததும் அங்கே பப்புக்குப் போவார்களாம். இங்கே?
– பசித்தவர், உரிகம்

பங்காருபேட்டை பானி பூரி. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். வாயில் போட்ட பிறகுதான் அதன் குணம் தெரியும். குடித்தவர் அழுவார், பிறகு இன்னொரு பிளேட் கேட்பார். இவ்விரண்டும் பப்பிலும் நடப்பவைதான் என்று கேள்வி.

வெள்ளை மேடுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கப் போகிறார்களாம். அப்புறம் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?
– முன்னாள் சுரங்கத் தொழிலாளி, மாரிக்குப்பம்

13 மேடுகளுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அன்றைய மில் விட்டுவிட்ட துளித் தங்கம் இன்றைய விலையில் லாபமாம். அழகு போகிறதே என்று நாம் அழ வேண்டாம். அந்த அழகைப் பெருக்கி வாரியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். யார் குத்தகைக்கு எடுத்தாலும், தங்கத்தோடு தூசியையும் அவர்களே எடுத்துப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். போன தடவை அந்த வரி விட்டுப்போயிற்று.